வேண்டாததை அடித்துவிடவும்

மயிலாப்பூர்க் குளத்துக்கு மேற்கே என் மாமனார் வீடு. அந்த வீட்டுக் கூடத்தில் சுவாமி படங்களுக்கு நேர் எதிர்ச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் மாமனாரின் பி.ஏ. பட்டம் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு வலது பக்கத்தில், ஒரு முழம் தள்ளி, ஒரு வெறும் ஆணி. என் கணவர் காலேஜில் சேர்ந்த அன்றைக்கே, அவருடைய பட்டத்தை மாட்டுவதற்கென்று மாமனார் நல்ல நேரம் பார்த்து அடித்த ஆணி அது. நான் மாட்டுப்பெண்ணாக அந்த வீட்டுக்குள் வலது காலை எடுத்து வைத்தபோது என் கணவர் பி.ஏ.யில் மூன்று தடவை தோற்றிருந்தார். மூன்று தடவையும் இங்கிலீஷில். ஆனால் ஆணி துருப்பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் மாமியார் அதை எண்ணெய்த் துணியால் துடைத்தாள்.

எனக்கு அந்த வீட்டையும் பிடிக்காது, கடற்கரைச் சாலையில் சிவப்புச் செங்கல்லும் கோபுரமுமாக நிற்கும் அந்தச் சர்வகலாசாலை மண்டபத்தையும் பிடிக்காது. இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். எனக்கு இரண்டும் ஒரே இடமாகத்தான் தெரிந்தன. இரண்டிலும் எந்தக் கேள்விக்கும் ‘வழக்கம்’ என்ற ஒரே பதில்தான் கிடைக்கும். மெட்ராஸ் வெயிலில் எதற்காகக் கறுப்புக் கம்பளி அங்கியைப் போர்த்திக்கொண்டு வேர்க்க வேண்டும்? வழக்கம். மாட்டுப்பெண் எதற்காகக் கதவுக்குப் பின்னால் நின்று பேச வேண்டும்? வழக்கம். இந்த ஒரு வார்த்தையைக் கண்டுபிடித்தவன் யோசிக்கிற சிரமத்திலிருந்து பல தலைமுறைகளைக் காப்பாற்றிவிட்டான்.

மாமனார் ஐகோர்ட் வக்கீல். அதைவிட அவருக்குப் பெருமை, பட்டதாரிகள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த சர்வகலாசாலை செனட் மெம்பர் என்பது. வருஷா வருஷம் பட்டமளிப்பு ஊர்வலத்தில் கவுன் போட்டுக்கொண்டு நடக்கிறவர். அந்தக் கவுன் பூஜை அறையில் ஒரு தகரப் பெட்டியில், ரசகற்பூர உருண்டைகளுக்கு நடுவே இருந்தது. பட்டமளிப்பு நாள் எங்கள் வீட்டில் கிட்டத்தட்ட ஒரு பண்டிகை. கவுனைக் கிழக்குப் பார்த்து விரித்து, அட்சதை போட்டுவிட்டுத்தான் அவர் உடுத்துவார். ஊர்வலத்தில் யாருக்கு முன்னால் யார் போக வேண்டும், திரும்பும்போது வரிசை எப்படி மாறும், எந்த இடத்தில் எத்தனை அங்குலம் தலை குனிய வேண்டும் என்றெல்லாம் சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்து விளக்குவார். பிள்ளையைக் கூடத்தில் நிறுத்தி, மேடையேறி வணங்குவதற்கு ஒத்திகை பார்த்தாராம். அதுவும் முதல் தடவை பரீட்சை எழுதுவதற்கு முன்னாலேயே. பிள்ளை பிறக்கும் முன்னே பெயர் வைத்த கதை என்பது வேறென்ன?

நான் எப்படி இங்கே வந்து மாட்டிக்கொண்டேன் என்று சொல்ல வேண்டும். என் அப்பா மாம்பலத்தில் பள்ளிக்கூட வாத்தியார். அப்போதுதான் ஏரியைத் தூர்த்து மனை போட்டு வீடுகள் முளைத்துக்கொண்டிருந்த புது மாம்பலம். பெண்ணைக் கடற்கரைச் சாலைப் பெண்கள் கல்லூரிக்கு ரயிலிலும் டிராமிலும் அனுப்பிப் படிக்க வைத்ததால் சொந்தக்காரர்கள் அவருக்குக் கிறுக்கு என்று பெயர் வைத்தார்கள். நான் பி.ஏ. பரீட்சை எழுதி முடித்ததும் அப்பாவின் தைரியமும் முடிந்துவிட்டது. முடிவு வருவதற்கு முன்பே வைகாசியில் கல்யாணம். மாமனார் கணக்கு வேறு. ‘பி.ஏ. வரை படித்த பெண்’ என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாம். பெண்தானே, எப்படியும் பெயிலாகிவிடுவாள், பிள்ளைக்கும் துணை கிடைத்த மாதிரி ஆயிற்று.

ஆனி மாதம் பத்திரிகையில் நம்பர்கள் வந்தன. ஒரே பக்கத்தில் என் நம்பர் இருந்தது, என் கணவரின் நம்பர் இல்லை. நாலாவது தடவை. வீட்டில் துக்கம் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. மாமியார் அடுப்பை அணைத்துவிட்டு முற்றத்தில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்து ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்.

“ஆம்படையானுக்கு மிஞ்சினவ ஆத்துக்கு ஆகமாட்டாடி.”

என் கணவர் எழுந்து முன் அறைக்குப் போனார். அதுதான் மாமனாரின் ஆபீஸ். அங்கே ஒரு டைப் மிஷின். பரீட்சைக்கும் பரீட்சைக்கும் இடையில் அதில் நோட்டீசும் அபிடவிட்டும் அடிப்பதுதான் அவர் வேலை. அன்றைக்கும் போய் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தார். மாமனார் கூடத்திலிருந்தே உத்தரவு போடுவார்: “அந்த நோட்டீஸை அடிச்சுடு!” “தேதியைச் சேத்து அடிச்சுடு!” பிள்ளை ‘சரிப்பா’ என்பார். அந்த ‘சரிப்பா’வையும், எதைச் செய்தாலும் யாரிடமாவது கேட்கிற ‘சரியா இருக்கா?’வையும் தவிர அவர் குரலை அந்த வீட்டில் அதிகம் கேட்டதில்லை. அவர் மேல் எனக்குப் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

ஆவணியில் பட்டமளிப்பு. நேரில் போய் வாங்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன் என்று சொன்னால் போதாது. வெறி பிடித்திருந்தேன். நாலு வருஷம் டிராமில் ‘இங்கிலீஷ்காரி’ என்று கேலி கேட்டதற்கும், பரீட்சைக் கூடத்தில் தனி வரிசையில் உட்கார்ந்ததற்கும், அந்தச் சிவப்பு மண்டபத்தில் என் பெயரை உரக்கக் கூப்பிட வேண்டும், அதை அப்பா கேட்க வேண்டும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. பிறகு அடுப்பங்கரையிலேயே செத்தாலும் சரி.

மாமனாரிடம் மாட்டுப்பெண் நேரே பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அவர் கூடத்தில், நான் கதவுக்குப் பின்னால், நடுவே மாமியார். அவர் கேட்பதை மாமியார் என்னிடம் கேட்பாள். நான் சொல்வதை மாமியார் அவரிடம் சொல்வாள். ஐகோர்ட்டில் வெள்ளைக்கார ஜட்ஜுக்கு மொழிபெயர்ப்பாளர் வைத்திருப்பதைப் போல. அப்படித்தான் என் வழக்கு நடந்தது.

“நேர்ல போணும்கறாளா? கேளு அவளை.”

“நேர்ல போணும்கறியாடி?”

“ஆமாம்.”

“ஆமாங்கறா.”

“சுமங்கலிப் பொண்ணு கறுப்பைப் போத்திண்டு நானூறு ஆம்பளை நடுவுல நிக்கறதா?” இதை மாமியார் சொந்தமாகச் சேர்த்தாள். அவளுக்குக் கறுப்பு என்றால் அமங்கலம். கறுப்புக் கரை போட்ட புடவையைக்கூட வீட்டுக்குள் விடமாட்டாள். பூஜை அறைப் பெட்டியில் மாமனாரின் கறுப்பு கவுன் அம்பாள் படத்துக்கு அடியிலேயே இருக்கிறதே என்று கேட்டேன். “அது வித்தைடி, நீ போட்டுண்டா அது கறுப்பு” என்றாள். எந்த வேதாந்தியும் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

மாமனாருக்கு வேறு வருத்தம். சர்வகலாசாலை ரிஜிஸ்தரில் என் பெயருக்கு முன்னால் என் அப்பாவின் இனிஷியல். பள்ளிக்கூடப் பரீட்சையில் பதிந்தது, மாற்ற முடியாது. “நான் ஊர்வலத்துல போய் உக்காந்துண்டிருப்பேன், எங்காத்து மாட்டுப்பொண்ணை வேறாத்து இனிஷியலோட கூப்பிடுவா. நான் அதைக் கேட்டுண்டிருக்கணுமா? கேளு அவளை.” மாமியார் கேட்டாள். இந்த மனுஷர்தான் முந்தைய மாதம் மயிலாப்பூர்ச் சபாவில் பெண் கல்வியைப் பற்றி ஒரு மணி நேரம் இங்கிலீஷில் பேசிக் கைதட்டு வாங்கியவர். ஊருக்குத்தான் உபதேசம்.

தீர்ப்பு வந்தது. நேரில் வராமலே பட்டம் வாங்க ஒரு வழி உண்டு. அதற்கு லத்தீனில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: ‘இன் அப்சென்ஷியா’. அதாவது ஆள் வராவிட்டாலும் தபாலில் பட்டம் வரும். விண்ணப்பத் தாளில் கையெழுத்தை மட்டும் போட்டுக் கொடு, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று மாமியார் மூலமாக உத்தரவு. இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். நான் சாப்பிடவில்லை என்பதையே யாரும் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டேன்.

அந்தத் தாளில் ‘நேரில்’ என்றும் ‘நேரில் வராமல்’ என்றும் இரண்டு வாசகங்கள் இங்கிலீஷில் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகியிருந்தன. வேண்டாததை அடித்துவிடவும் என்று கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தது. தாள் முன் அறைக்குப் போயிற்று. மாமனார் கோர்ட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் கூடத்திலிருந்தே கத்தினார்:

“அப்சென்ஷியா! அடிச்சுடு!”

“சரிப்பா.”

மாமனார் சொன்னது, டைப் மிஷினில் அந்த வார்த்தையை அடித்துச் சேர் என்று. அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்கு அது ஒன்றுதான் அர்த்தம். ஆனால் என் கணவர் அன்றைக்கு ஒரு புதுக் காரியம் செய்தார். வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு தாளின் பொடி எழுத்தைப் படித்தார். அகராதியைப் புரட்டியும் பார்த்திருக்கிறார். ‘ஸ்ட்ரைக்’ என்ற இங்கிலீஷ் வார்த்தைக்கு அகராதி ‘அடி’ என்றது, அப்பாவும் ‘அடி’ என்றார். பேனாவை எடுத்து, அடிமட்டம் வைத்து, ‘நேரில் வராமல்’ என்ற வாசகத்தின் மேல் பளிச்சென்று ஒரு கோடு போட்டு அடித்துவிட்டார்.

நான் அப்போது காப்பி டம்ளரோடு உள்ளே போனேன். கோடு இன்னும் ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது. என்ன நடந்திருக்கிறது என்று புரிய எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. டம்ளரை மேஜை ஓரத்தில் வைத்தேன்.

“கீழே சின்ன எழுத்துல போட்டிருக்கு பாரு. படிச்சுட்டுத்தான் அடிச்சேன்” என்றார் அவர். என்னிடம் அவர் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுவே முதல். முகத்தில் ஒரு சந்தோஷம். பரீட்சைத் தாளில் ஒரு கேள்விக்காவது சரியான விடை எழுதிவிட்ட பையனின் சந்தோஷம். “சரியா இருக்கா?”

மேஜை மேல் இருந்த மை ஒற்றும் காகிதத்தை எடுத்தேன். கோட்டின் மேல் வைத்து, ஒரு சொட்டு மை கலையாமல், அழுத்தி ஒற்றினேன்.

“நன்னா இருக்கு” என்றேன்.

நானே உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தேன். மாமனார் போகிற வழியில் தபாலில் சேர்த்துவிட்டார்.

பட்டமளிப்புக்குப் பத்து நாள் முன்னால் சர்வகலாசாலையிலிருந்து எனக்கு அட்டை வந்தது. இன்ன நேரத்தில், இன்ன வாசலில், கவுனும் தோளில் ஹூடும் அணிந்து நேரில் ஆஜராகவும் என்று. மாமனார் அதை மூன்று தடவை படித்தார். பிறகு முன் அறைக்குள் போனார். அங்கே அவர் பிள்ளையைப் பேசிய பேச்சை நான் முற்றத்தில் இருந்தபடி முழுக்கக் கேட்டேன். அடிக்கச் சொன்னால் அடிக்கிறாயே, நாலு தடவை அந்த பாஷை உன்னை அடித்தது போதாதா, உன்னைப் பெற்றதற்கு ஒரு டைப் மிஷினைப் பெற்றிருக்கலாம். இன்னும் மோசமாகவும் சொன்னார். “சரிப்பா” என்று குரல் கேட்டது. நான் அரிசி களைந்துகொண்டே சிரித்தேன். ஆமாம், சிரித்தேன்.

மாமனார் மறுநாளே சர்வகலாசாலை ஆபீசுக்குப் போனார். செனட் மெம்பர், தன் வார்த்தைக்கு மாற்றிவிடுவார்கள் என்று நினைத்தார். குமாஸ்தா எழுந்து நின்று கும்பிட்டாராம். பட்டியல் அச்சுக்குப் போய்விட்டது, அச்சான பிறகு மாற்றும் வழக்கம் இல்லை என்றாராம். அது மாமனாருக்கு நன்றாகத் தெரிந்த வழக்கம்தான். இரண்டு வருஷம் முன்பு ஒரு பையன், தாயார் செத்துப்போனாள், தீட்டில் வர முடியாது, தபாலில் அனுப்புங்கள் என்று கடைசி நிமிஷத்தில் எழுதியிருந்தான். விதியைத் தளர்த்தக் கூடாது என்று செனட்டில் எழுந்து முழங்கியவர் இவர்தான். அதை எத்தனை தடவை சாப்பாட்டு இலையில் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார்!

அதோடு போகவில்லை. ‘உங்க மாட்டுப்பொண்ணா! நீங்க ஊர்வலத்துல, அவா மேடையில, என்ன பாக்கியம்!’ என்று குமாஸ்தா வாழ்த்தியிருக்கிறார். சாயங்காலத்துக்குள் செய்தி வக்கீல்கள் கூடும் நூல்நிலையத்துக்குப் போய்விட்டது. மறுநாள் ஆளாளுக்குக் கையைக் குலுக்கியிருக்கிறார்கள். பெண் கல்விப் பிரசங்கி இனி வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி வீட்டுக்கு வந்தார்.

“போகட்டும். ஆனா என் கவுன் கிடையாது. சொல்லு அவகிட்ட.”

“அவரோட கவுன் கிடையாதாம்டி.”

நான் கேட்கவே இல்லையே என்று சொல்லச் சொன்னேன். மாமியார் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

மவுண்ட் ரோடு தையற்கடை ஒன்றில் கவுன் வாடகைக்குக் கிடைத்தது. யாரோ ஆறடி ஆளுக்குத் தைத்தது. சாயம் வெளுத்து, தோளில் ஒட்டுப் போட்டு, என் காலுக்குக் கீழே ஒரு சாண் புரண்டது. மண்டபத்தில் போய்ப் போட்டுக்கொண்டிருக்கலாம். நான் வீட்டிலேயே போட்டுக்கொண்டேன். மாமியார் பார்க்க வேண்டும் என்றுதான் போட்டுக்கொண்டேன். அவள் பார்த்தாள். குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாமனார் தனியாக முன்பே காரில் போய்விட்டார். என் கணவர் தெருமுனைக்குப் போய் ஜட்கா பிடித்துக்கொண்டு வந்தார். படியேறும்போது கவுன் தடுக்கியது, குனிந்து அதன் ஓரத்தைத் தூக்கி உள்ளே விட்டார். நான் அவரைத் திரும்பிப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தேன், அவர் வாசலிலேயே நின்றுவிட்டார். ஜட்காக்காரன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

“இன்னாம்மா, ஐகோர்ட்டாண்டயா? கறுப்பு அங்கிலாம் மாட்டிக்கினு கீறே. இன்னா கேசு?”

“கேஸ் இல்லேப்பா. பட்டம் வாங்கப் போறேன்.”

“பட்டமா? வெள்ளக்காரன் குடுப்பானே, ராவ் பகதூரு, அதுவா?”

“இது படிச்சதுக்குக் குடுக்கறது.”

“படிச்சிட்டு இன்னா பண்ணப் போறே?”

சாந்தோம் வழியாகக் கடற்கரைச் சாலைக்கு வரும்வரை இதற்கு ஒரு விடை தேடினேன். வலது பக்கம் மணலில் மீன்காரப் பெண்கள் கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் அவன் குதிரையோடு பேச ஆரம்பித்துவிட்டான்.

மண்டபத்து வாசலில் ஒரு டவாலிச் சேவகன் தடுத்தான். பெண்டுகள் பார்வையாளர் வழியாகப் போக வேண்டும் என்றான். அட்டையைக் காட்டினேன். கவுனைக் காட்டினேன். “ஐயா வருவாங்களா?” என்றான். நான்தான் ஐயா என்றேன். உள்ளே பெண்களாக நாங்கள் ஒரு பெஞ்சுக்குக் கொஞ்சம் அதிகமாக இருந்தோம். எங்களைக் கடைசி வரிசைக்கும் முந்திய வரிசையில், தூணுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். மேடை தெரிய வேண்டுமென்றால் கழுத்தை ஒடித்துக்கொள்ள வேண்டும்.

வாத்தியம் முழங்க ஊர்வலம் வந்தது. எல்லாரும் எழுந்து நின்றோம். ரசகற்பூர வாசனையை வைத்தே மாமனார் வருவதைக் கண்டுபிடித்தேன். என்னைத் தாண்டிப் போகும்போது அவர் நேரே பார்த்து நடந்தார். கழுத்தில் ஒரு நரம்புகூடத் திரும்பவில்லை. பிறகு ஒரு பெரிய மனுஷர் முக்கால் மணி நேரம் இங்கிலீஷில் புத்திமதி சொன்னார். தொடங்கியது முதல் முடிக்கிறவரை ‘கனவான்களே’ என்றே கூப்பிட்டார். ஒரு கனவான் எப்படிப்பட்டவளைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்றும் சொன்னார். என் பக்கத்தில் இருந்தவள் கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கவா அழுகையை அடக்கவா என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பின்னால்தான் அந்த உறுதிமொழி. பட்டம் பெறுகிறவர்கள் எழுந்து நிற்க வேண்டும். மேடையிலிருந்து கேட்பார்கள்: அன்றாட வாழ்க்கையிலும் பேச்சிலும் இந்தச் சர்வகலாசாலைக்குத் தகுந்தவர்களாக நடந்துகொள்வீர்களா என்று. எல்லாரும் ஒரே குரலில் உறுதி சொல்ல வேண்டும். நானூறு ஆண் குரல் மண்டபத்தையே அதிர வைத்தது. நானும் சொன்னேன். சொன்ன அந்தக் கணத்தில், எங்கிருந்தோ, மை ஒற்றும் காகிதம் ஞாபகத்துக்கு வந்தது. ‘சரியா இருக்கா?’ என்று கேட்ட முகமும். தலையை உதறிக்கொண்டேன். கவுனுக்குள் வேர்வை ஊற்றிக்கொண்டிருந்தது.

என் முறை வந்தது. அப்பாவின் இனிஷியலோடு என் பெயர் மண்டபம் முழுக்கக் கேட்டது. மாடியில் பார்வையாளர் பக்கத்தில் அப்பா எழுந்து நின்றுவிட்டார். உட்காரச் சொல்லி யாரோ சட்டையைப் பிடித்து இழுப்பது தெரிந்தது. அப்பா உட்காரவில்லை. நான் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையேறினேன். எத்தனை அங்குலம் குனிந்தேனோ தெரியாது. மாமனார் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவ்வளவுதான். கேட்டது கிடைத்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் கவுனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து தோசைக்கு அரைத்தேன். பட்டத்தை என் கல்யாணப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். கூடத்தில் ஆணி வெறுமனே இருந்தது. மாமியார் வெள்ளிக்கிழமை அதைத் துடைத்தாள்.

ஆனால் மாமனாருக்கு ஆறவில்லை. என்மேல் காட்ட முடியாத கோபத்தை அவர் பிள்ளைமேல் காட்டினார். காப்பி ஆறினாலும் பிள்ளைக்குத் திட்டு, கட்சிக்காரன் வராவிட்டாலும் திட்டு. “ஒரு வார்த்தையை அடிக்கத் தெரியாத முட்டாள்” என்பது அந்த வீட்டில் என் கணவருக்குப் பெயராகவே ஆகிவிட்டது. வந்தவர்களிடமெல்லாம் இதைக் கதையாகச் சொல்லிச் சிரிப்பார். பிள்ளை பக்கத்து அறையில் டைப் அடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். ஐந்தாவது தடவைக்குப் பணம் கட்டவே இல்லை. இங்கிலீஷ் புத்தகங்களைக் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கென்ன என்று இருந்தேன். இருக்க முடியவில்லை.

சரஸ்வதி பூஜை வந்தது. பலகையில் புத்தகங்கள், மாமனாரின் பட்டம், டைப் மிஷின், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். என்னுடையதை நான் வைக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை. கூடத்தில் மாமனாருடைய சிநேகிதர்கள் இரண்டு பேர் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாமனார் கதையை ஆரம்பித்தார். “அடிச்சுடுன்னேன். இவன் என்ன பண்ணினான் தெரியுமோ...” என் கணவர் அவர்களுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். செம்பு சாயாமல், மிகவும் கவனமாக, ஒவ்வொரு டம்ளராக.

நான் கதவுக்குப் பின்னாலிருந்து கூடத்துக்கு வந்தேன்.

“அவர் தப்பா அடிச்சதை மை காயறதுக்கு முன்னாலேயே நான் பாத்தேன். சொல்லியிருந்தா வேற தாள் வாங்கியிருக்கலாம். சொல்லலே. நான்தான் மையை ஒத்தி, உறையில போட்டு ஒட்டினேன். முட்டாள்னு இனிமே அவரைச் சொல்ல வேண்டாம்.”

மாமனாரிடம் நான் நேரே பேசிய முதல் பேச்சு அது. மாமியார் மொழிபெயர்ப்பதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை. சிநேகிதர்கள் சுண்டலைப் பார்த்தார்கள். ஒரு பெரிய யுத்தத்தை ஜெயித்துவிட்டதாகத்தான் அந்த நிமிஷம் நினைத்தேன். அவரைக் காப்பாற்றிவிட்டேன் என்றும் நினைத்தேன். நன்றியை எதிர்பார்த்துத்தான் என் கணவர் பக்கம் திரும்பினேன்.

அவர் செம்பைக் கீழே வைத்தார்.

“நன்னா இருக்குன்னியே” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். முன் அறைக்குப் போய்விட்டார். பூஜையில் வைத்த மிஷினைத் தொடக்கூடாது என்பதால் அன்றைக்கு அங்கே சத்தம் ஒன்றும் இல்லை.

பிற்பாடு யோசித்துப் பார்த்தேன். அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த அத்தனை வருஷத்தில் அவர் செய்த ஒரு காரியத்தை யாராவது நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார்களா என்று. எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். இரண்டு மாதம் அத்தனை வசவையும் அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் தாங்கியிருக்கிறார். அப்பா திட்டினாலும் அவள் பார்த்தாள், படித்தவள், சரி என்றாள் என்று. அதையும் நானே பொய் என்று கூடத்தில் நாலு பேர் முன்னால் வந்து சொல்லிவிட்டேன். மாமனார் அவரைப் பெயிலாக்கியதைவிட நான் பெயிலாக்கியது பெரிது.

விஜயதசமி காலை. நான் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தபோது அவர் கூடத்தில் முக்காலி மேல் நின்றுகொண்டிருந்தார். என் பெட்டியிலிருந்து பட்டத்தை எடுத்து, குளத்தங்கரைக் கடைக்காரனை எழுப்பிச் சட்டம் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதை அந்த வெறும் ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். மாமனார் ஈஸிசேரில் இருந்தார். “அது உன் ஆணிடா” என்றார். குரலில் அதட்டல் இல்லை, ஏதோ கெஞ்சுகிற மாதிரி இருந்தது. பிள்ளை ‘சரிப்பா’ என்று சொல்லவில்லை.

இறங்கி, ஓரடி பின்னால் வந்து, கோணல் இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்தார். எதைச் செய்தாலும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து ‘சரியா இருக்கா?’ என்று கேட்பது அவர் வழக்கம். நான் அவர் பக்கத்திலேயே நின்றேன். கேட்டிருந்தால் சொல்வதற்கு ‘நன்னா இருக்கு’ என்ற அந்த ஒரு வார்த்தைதான் என்னிடம் இருந்தது. அவர் கேட்கவில்லை. முக்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.